சுருட்டுக்கு நடுவே ஒரு மிடறு காப்பி

வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு டப்பியை மட்டும் எடுத்து ஒளித்துவைத்தால் அந்த வீட்டுப் பாட்டி என்ன பாடுபடுவாள் என்று பார்த்தவர்களுக்கு இந்த அத்தியாயத்தின் பாதி வேதியியல் ஏற்கெனவே தெரியும். வெற்றிலை இருக்கிறது, பாக்கு இருக்கிறது, புகையிலையும் இருக்கிறது. ஆனால் கன்னத்தில் அடக்கிப் பத்து நிமிடம் ஆனாலும் 'ஏறவில்லை'. விரல் நுனியளவு சுண்ணாம்பு சேர்ந்ததும் ஏறுகிறது. புகையிலையில் புதிதாக எதுவும் கூடிவிடவில்லை. வாயின் ஈரம் அமிலப் பக்கத்திலிருந்து காரப் பக்கத்துக்கு நகர்ந்தது, அவ்வளவுதான்.

விடுமுறை நாளின் காலையில், அவசரமில்லாமல் திண்ணையிலோ மொட்டைமாடியிலோ உட்கார்ந்து, காப்பி டம்ளரை ஒரு கையிலும் சுருட்டை மறு கையிலுமாக வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தைக் கரைக்கிற சுகம் இருக்கிறதே, அதுவும் இதே கணக்கில்தான் நடக்கிறது. சுருட்டு காரம், காப்பி அமிலம். இரண்டும் மாறி மாறி ஒரே வாய்க்குள் வருகின்றன. இலையின் தரம், ஊர்ப்பெயர், பெட்டியின் அழகு என்று எத்தனையோ சொல்வார்கள். அந்த ஒரு மணி நேரம் சுகமாக முடியுமா, தலைசுற்றலில் முடியுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வாயில் நடக்கும் இந்த அமில-கார இழுபறிதான் என்பது என் எண்ணம்.

நிக்கோட்டின் மூலக்கூறில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் உண்டு. சுற்றியிருக்கும் நீர் அமிலமாக இருந்தால் அவற்றில் ஒன்று ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டு மின்னேற்றம் பெற்றுவிடும். செல்லைச் சூழ்ந்த சவ்வு கொழுப்பால் ஆனது. மின்னேற்றம் பெற்றதை எளிதில் உள்ளே விடாது. நீர் காரமாக இருந்தால் அந்த அயனி கழன்றுவிடும். அப்போது நிக்கோட்டின் மின்னேற்றமில்லாமல், கொழுப்பில் கரையக்கூடியதாகி, கன்னத்தின் உட்தோல் வழியே தடையின்றி ரத்தத்தில் கலக்கும். அளவுகளைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பி.எச். 8 என்ற நிலையில் நிக்கோட்டினில் ஏறக்குறையப் பாதி இப்படி விடுபட்டு நிற்கிறது. 7-க்கு இறங்கினால் நூற்றுக்கு ஒன்பதுதான். 6-க்கு வந்தால் நூற்றுக்கு ஒன்று. எச்சிலின் இயல்பான பி.எச். ஏழுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. பாட்டியின் சுண்ணாம்பு என்ன வேலை செய்தது என்பது இப்போது புரியும்.

சிகரெட்டுக்கும் சுருட்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது, பருமனில் இல்லை. சிகரெட்டுக்குப் போகும் வர்ஜீனியா இலையைச் சூளைக் கொட்டகையில் தொங்கவிட்டு, சூடான காற்றில் ஒரு வாரத்துக்குள் உலர்த்திவிடுகிறார்கள். இலையின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும் நேரம் பார்த்து இலை செத்துவிடுகிறது. சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது. அது எரியும்போது அமிலங்கள் உண்டாகின்றன, ஆகவே சிகரெட் புகை அமிலப் புகை. அதை வாயில் எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் நிக்கோட்டின் அதிகம் ஏறாது. நுரையீரல்வரை இழுத்தாக வேண்டும். தொண்டையை அவ்வளவாகக் கரிக்காமல் உள்ளே இறங்குவதற்கும் அதே அமிலத்தன்மைதான் துணை. சிகரெட்டின் வெற்றியும் அதன் கொலைத்தொழிலும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன.

சுருட்டு இலைக்கு வேறு விதி. அதைக் காற்றில், நிழலில், வாரக்கணக்கில் உலரவிடுவார்கள். பறித்த பிறகும் இலை சில நாட்கள் உயிரோடு இருந்து, தன் சர்க்கரையைத் தானே தின்று தீர்க்கிறது. அதன் பிறகு ஈரப்பதம் காட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பெரிய போராகக் குவிப்பார்கள். குவியலின் நடுப்பகுதி தானாகவே சூடேறும். கையை உள்ளே விட்டுப் பார்த்து, சூடு அளவு மீறுவதற்குள் போரைப் பிரித்து, உள்ளே இருந்த இலை வெளியே வருமாறு மாற்றி அடுக்குவார்கள். இப்படிப் பலமுறை. நொதிகளும் நுண்ணுயிர்களும் இலையின் புரதத்தை உடைக்க, அம்மோனியா வெளியேறும். அந்தக் கொட்டகைக்குள் நுழைந்தால் முதலில் கண்தான் எரியும். கியூபாவின் பினார் டெல் ரியோ மாகாணத்தில் நடப்பதும் திண்டுக்கல் பக்கம் நடப்பதும் அடிப்படையில் இதேதான். யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப் பொச்சுமட்டைப் புகையை ஏற்றிப் பதப்படுத்துவார்கள். அங்கத்திய சுருட்டின் தனி வாசத்துக்கு அது ஒரு காரணம். கோதாவரி ஆற்றின் நடுத்திட்டுகளில் விளையும் லங்கா இலைக்கும் சுருட்டு உலகில் தனிப் பெயர் உண்டு. திண்டுக்கல்லை அடுத்த வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கென்றே 1948-இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்ததும் சும்மா இல்லை.

மண்ணும் தண்ணீரும்கூட இதில் பேசும். பொட்டாசியம் சேர்ந்த இலை நன்றாகக் கனன்று எரியும். குளோரைடு மிகுந்த உப்புத் தண்ணீரில் வளர்ந்த இலையைச் சுருட்டாக்கினால் இழுக்க இழுக்க அணைந்துகொண்டே இருக்கும். அது மெல்லுகிறவர்களுக்குத்தான் லாயக்கு. சாம்பலின் நிறமும் உதிரும் விதமும்கூட இந்தத் தாதுக்களைப் பொறுத்தவை. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த அறையின் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிப்பார். கதைதான் என்றாலும், திருச்சிச் சுருட்டு லண்டன் வாசகனுக்கு விளக்கம் தேவைப்படாத சரக்காக இருந்தது என்பது அதிலிருந்து தெரிகிறது.

சர்க்கரை போய் அம்மோனியா வந்த இலை எரியும்போது எழும் புகை காரப் புகை. சுருட்டு கட்டையாகக் குறையக் குறையக் காரம் இன்னும் கூடும், பி.எச். எட்டையும் தாண்டும். நுரையீரலுக்கு இழுக்க வேண்டிய அவசியமே இல்லை. வாயில் நிறைத்து, சுவைத்து, வெளியே ஊதினாலே போதும். "நான் புகையை உள்ளே இழுப்பதில்லை, எனக்கு ஒன்றும் ஆகாது" என்று சுருட்டுக்காரர்கள் சொல்வது வழக்கம். இழுப்பதில்லை என்பது பெரும்பாலும் உண்மைதான். நிக்கோட்டின் உள்ளே போகவில்லை என்பது உண்மையில்லை. ஒரு சிகரெட்டில் ஒரு கிராமுக்கும் குறைவான புகையிலை இருக்கிறது; ஒரு பெரிய சுருட்டில் 5 முதல் 17 கிராம்வரை இருக்கலாம்.

தீங்கும் அந்த வழியே வருகிறது. இலைக்கு வாசம் கொடுத்த அதே போரில்தான், பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக்க, அது நிக்கோட்டினோடும் அதன் உறவுப் பொருள்களோடும் சேர்ந்து நைட்ரோசமீன்கள் உண்டாகின்றன. அவற்றில் என்.என்.என்., என்.என்.கே. என்ற இரண்டும் மனிதனுக்குப் புற்றுநோய் தருபவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வாசத்தை வைத்துக்கொண்டு நஞ்சை மட்டும் நீக்குகிற பதம் கிடையாது. நாள்தோறும் சுருட்டுப் பிடிப்பவர்களுக்கு வாய், குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்கள் கூடுதலாக வருகின்றன என்பது பல ஆய்வுகளில் உறுதியான செய்தி. சிக்மண்ட் பிராய்டுக்கு 1923-இல் வாயின் மேலண்ணத்தில் புற்று கண்டறியப்பட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளுக்கு நடுவிலும் அவர் சுருட்டை விடவில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? ஆந்திரத்தின் வடகடலோரத்தில், எரியும் முனையை வாய்க்குள் வைத்துச் சுட்டா என்ற சுருட்டைப் பிடிக்கும் பெண்கள் உண்டு. காற்றிலும் அணையாது, இரண்டு கையும் வேலைக்கு ஓய்வாக இருக்கும். அவர்களுடைய மேலண்ணத்தில் வரும் புற்றுநோய் மருத்துவப் பாடநூல்களில் தனி இடம் பிடித்துவிட்டது.

இனி டம்ளருக்கு வருவோம்.

கறுப்புக் காப்பியின் பி.எச். ஏறக்குறைய 5. பால் சேர்த்தால் ஆறை நெருங்கும், சில சமயம் தாண்டும். எப்படியானாலும் சுருட்டுப் புகையைவிட வெகு கீழே. 1990-இல் ஹென்னிங்ஃபீல்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு சிறிய, அழகான சோதனையை வெளியிட்டார்கள். சிகரெட்டை விட விரும்புகிறவர்களுக்குக் கொடுக்கும் நிக்கோட்டின் சூயிங்கம் இருக்கிறதல்லவா, அதைச் சிலரை மெல்லச் சொல்லி, இடையிடையே காப்பியால் அல்லது கோலாவால் வாயை நனைக்க வைத்தார்கள். வாயின் பி.எச். சட்டென்று இறங்கியது, ரத்தத்தில் ஏற வேண்டிய நிக்கோட்டின் பெருமளவு ஏறாமல் நின்றுவிட்டது. சூயிங்கம் செய்பவர்கள் அதில் கார உப்பைச் சேர்த்திருப்பதே பாட்டி சுண்ணாம்பு சேர்த்த அதே காரணத்துக்காக. காப்பி அந்த வேலையைக் கெடுத்துவிட்டது. சூயிங்கம் மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து காப்பி குடிக்கக் கூடாது என்ற எச்சரிக்கைக்கு இதுதான் அடிப்படை.

சூயிங்கமானாலும் சுருட்டானாலும் கன்னத்துத் தோல் ஒன்றுதான். இரண்டு இழுப்புக்கு ஒரு மிடறு காப்பி என்று போகிறவர், தெரியாமலே ஒரு கடிவாளத்தைப் பிடித்திருக்கிறார். காப்பி பட்ட வாயில் நிக்கோட்டின் மின்னேற்றம் பெற்று, எச்சிலில் கரைந்து, விழுங்கப்பட்டுக் குடலுக்குப் போகிறது. குடல் அதை உறிஞ்சத்தான் செய்யும். ஆனால் அங்கிருந்து முதலில் கல்லீரலைக் கடந்தாக வேண்டும். அங்கே பெரும்பங்கு உடைந்துவிடுகிறது. மூளைக்குப் போய்ச் சேருவது சொற்பம், அதுவும் தாமதமாக. காப்பியைச் சூட்டோடு முடித்துவிட்டு, பிறகு சுருட்டைத் தனியாகக் கட்டைவரை இழுக்கிறவருக்கு இந்தக் காப்பு கிடைக்காது. அதுவும் காரம் உச்சத்தில் இருக்கும் கடைசிப் பகுதியில். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. கடிவாளம் நிக்கோட்டினுக்குத்தான், தாருக்கும் நைட்ரோசமீனுக்கும் கிடையாது.

சுவைப் பொருத்தம் என்று ஒன்று சொல்வார்களே, அது வெறும் பழக்கமா? முழுக்க இல்லை. காப்பிக்கொட்டையை வறுக்கும்போதும் சுருட்டிலை போரில் கிடக்கும்போதும் எரியும்போதும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து பைரசீன்கள் என்ற வாசப்பொருள்கள் பிறக்கின்றன; வறுத்த நிலக்கடலையிலும் அவை உண்டு. குவாயகால் என்ற புகைவாசப் பொருள் காப்பியில் ஃபெரூலிக் அமிலம் உடைவதால் வருகிறது, சுருட்டில் இலையின் லிக்னின் கருகுவதால் வருகிறது. மூலம் வேறு, மூலக்கூறு ஒன்றே. நாம் நாக்கின் சுவை என்று நினைப்பதில் பெரும்பகுதி, தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் வாசம்தான். வாயில் புகையும் காப்பியும் மாறி மாறி இருக்கும்போது மூக்குக்கு ஒரே குடும்பத்துச் செய்திகளே போய்க்கொண்டிருக்கின்றன. கூடவே பாலின் கேசின் புரதம் கசப்பும் துவர்ப்புமான பொருள்களைப் பிடித்துக்கொண்டு நாக்கை மிருதுவாக்குகிறது. நூற்றுக்கு இருபது சிக்கரி கலந்த தூள் என்றால், வறுபட்ட சிக்கரி வேரின் கருகிய சர்க்கரை வாசமும் சேரும். சுருட்டோடு கறுப்புக் காப்பிதான் குடிக்க வேண்டும் என்று சொல்லும் ரசிகர்களைவிடக் கும்பகோணத்து டிகாக்ஷன் பக்கமே என் வாக்கு.

ஏன் காலையில்? நிக்கோட்டினின் அரை ஆயுள் சுமார் இரண்டு மணி நேரம். தினமும் புகைப்பவர் இரவு முழுவதும் தூங்கி எழும்போது ரத்தத்தில் அது வெகுவாகக் குறைந்திருக்கும். பகலெல்லாம் நிக்கோட்டின் மோதி மரத்துப்போயிருந்த மூளை ஏற்பிகள் இரவில் பழைய உணர்வுக்குத் திரும்பியிருக்கும். அந்த ஏற்பிகள் என்ற கருத்தே நிக்கோட்டினிலிருந்துதான் பிறந்தது. கேம்பிரிட்ஜில் லாங்லியும் டிக்கின்ஸனும் 1889-இல் நரம்புமுடிச்சுகளின்மேல் நிக்கோட்டினைத் தூரிகையால் தடவிப் பார்த்தார்கள். அந்த வழியிலேயே தொடர்ந்த லாங்லி, மருந்தை ஏற்றுக்கொள்ளும் ஒரு தனிப்பொருள் செல்லில் இருக்க வேண்டும் என்று 1905-இல் எழுதினார். இன்றைய மருந்தியலின் அஸ்திவாரக் கற்களில் அது ஒன்று.

காப்பியும் அந்த ஏற்பிகளைத் தொடுகிறதா என்பது அண்மையில் சுவாரசியமாகியிருக்கிறது. காஃபீன் வேலை செய்யும் இடம் வேறு. அது அடினோசினின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு தூக்கத்தைத் தள்ளிப்போடுகிறது. ஆனால் பச்சைக் காப்பிக்கொட்டையில் ட்ரைகோனெல்லின் என்று ஒரு பொருள் உண்டு. நம் அடுக்களை வெந்தயத்திலும் அது இருக்கிறது; முதலில் பிரித்தெடுக்கப்பட்டதே வெந்தயத்திலிருந்துதான். வறுக்கும்போது அதில் ஒரு பகுதி வைட்டமின் நியாசினாகிறது, இன்னொரு பகுதி மெதில்பிரிடினியம் என்ற பொருளாகிறது. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் பாப்கேயும் சக ஆய்வாளர்களும் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மெதில்பிரிடினியம் நிக்கோட்டின் ஏற்பிகளின் செயல்பாட்டை மாற்றுகிறது என்று ஆய்வகத்துச் செல்களில் கண்டார்கள். காலைப் புகைக்காரர் காப்பியைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதுகிறார்கள். செல்லில் கண்டதை மனிதன்மேல் ஏற்றிச் சொல்ல நான் அவசரப்படமாட்டேன்.

எப்போதாவது விடுமுறையில் மட்டும் சுருட்டு தொடுகிறவரின் கதை வேறு. அவருடைய ஏற்பிகளுக்கு மரத்துப்போகும் பழக்கமே இல்லை. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் காப்பி, அதன் மேல் ஒரு முழுச் சுருட்டு என்று உட்கார்ந்தால் நிக்கோட்டின் அட்ரினலினைக் கிளப்பிவிடும், நாடி ஓடும், ரத்தக்குழாய் சுருங்கும். மூளையின் வாந்தி மையம் விழித்துக்கொள்ளும். குடித்த முக்கால் மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும் காஃபீனும் நாடியோட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். முகம் வெளுத்து, உள்ளங்கை சில்லிட்டு, "கொஞ்சம் படுத்துக்கறேன்" என்று உள்ளே போகிறவரிடம் 'பித்தம்' என்று எலுமிச்சைச்சாறு நீட்டுவார்கள். அது நிக்கோட்டின் மிகை. முனியப்பனுக்கும் சுடலைமாடனுக்கும் சுருட்டுப் படைப்பதுண்டு. அவர்களுக்குத் தலை சுற்றியதாகக் கேள்வியில்லை.

இன்னொரு நம்பிக்கையையும் இங்கேயே பார்த்துவிடலாம். காலையில் ஒரு காப்பியும் ஒரு தம்மும் இல்லாமல் 'வெளிக்கு' வராது என்று ஆண்கள் பலர் சத்தியம் செய்வார்கள். 1990-இல் கட் என்ற மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, காப்பி குடித்த நான்கு நிமிடத்துக்குள் சிலருக்குப் பெருங்குடலின் கடைப்பகுதி அசையத் தொடங்கியதைப் பதிவு செய்தது. காஃபீன் நீக்கிய காப்பிக்கும் அதே விளைவு, வெந்நீருக்கு இல்லை. நம்பிக்கையில் தம்முக்குப் போகும் பெருமையில் பெரும்பங்கு டம்ளருக்கே போக வேண்டியது.

கடைசியாகக் கல்லீரல். காஃபீனைச் சிதைப்பது அங்குள்ள சி.ஒய்.பி.1ஏ2 என்ற நொதி. சாதாரண மனிதரில் காஃபீனின் அரை ஆயுள் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். புகையிலை எரியும்போது உண்டாகும் பலவளைய ஹைட்ரோகார்பன்கள் உடலுக்குள் போனால், கல்லீரல் அந்த நொதியைக் கூடுதலாகச் செய்யத் தொடங்குகிறது. வந்த நஞ்சை வெளியேற்றக் கல்லீரல் செய்யும் ஏற்பாடு அது. காஃபீன் இடையில் மாட்டிக்கொள்கிறது. தொடர்ந்து புகைப்பவர் உடலில் காஃபீன் ஏறக்குறைய இரட்டிப்பு வேகத்தில் காலியாகிறது. அவர்கள் டம்ளர் டம்ளராகக் காப்பி குடித்தும் இரவு நிம்மதியாகத் தூங்குவதன் ரகசியம் இது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் புகைப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை. நொதி பெருக நாட்கள் வேண்டும்.

புகையை விடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இதுதான். பெனோவிட்ஸும் சகாக்களும் 1989-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியபடி, புகைப்பதை நிறுத்தியவர்களின் ரத்தத்தில் காஃபீன் அளவு வெகுவாக உயர்ந்து, மாதக்கணக்கில் உயர்ந்தே நின்றது. காப்பி அதே நான்கு டம்ளர்தான். உடலுக்கு அது இப்போது ஏழெட்டு டம்ளர். படபடப்பு, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும். புகையை விட்டதால் வரும் தவிப்பும் அச்சாக அப்படியேதான் இருக்கும். பாவம், மனிதர் 'எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று மறுபடி பற்றவைத்துவிடுவார். நொதியைத் தூண்டுவது எரியும் புகைதான், நிக்கோட்டின் இல்லை. ஆகவே நிக்கோட்டின் சூயிங்கமோ பட்டையோ பயன்படுத்துகிறவருக்கும் கல்லீரல் பழைய மெதுவான வேகத்துக்குத் திரும்பிவிடும். குளோசபின், தியோஃபிலின் போன்ற மருந்துகளும் இதே நொதியைத்தான் நம்பியிருக்கின்றன. அவற்றைச் சாப்பிடுகிறவர் திடீரென்று புகையை நிறுத்தினால் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டி வரும். மருத்துவரிடம் சொல்லாமல் இருக்கக் கூடாது. மற்றவர்கள் விட்ட முதல் வாரத்திலேயே காப்பியைப் பாதியாக்கிப் பார்க்கலாம். தூக்க மாத்திரையைப் பற்றிய யோசனையெல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.